ஊற வைத்த கடலை

நாவலுக்கு மதிப்புரை எழுதுவது எப்படி என்று நமக்கு ஓரளவு தெரியும். கவிதைக்கும் ஏதோ ஒரு மாதிரி வைத்திருக்கிறோம். சமையல் புத்தகத்துக்கு எழுதுவது எப்படி என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. கதை பிடிக்கவில்லையென்றால் விமரிசகர் பத்துக் காரணங்கள் சொல்லலாம். பிடித்தவர் அதற்குப் பதினொரு பதில் சொல்லலாம். விவாதம் இரண்டு இதழ்களுக்கு ஓடும். சமையல் புத்தகத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. குழம்பு கூடி வந்ததா, இல்லையா என்பது இலையில் தெரிந்துவிடுகிறது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் தாம் வெளியிட்ட நூலுக்குச் 'சமைத்துப் பார்' என்று பெயர் வைத்தபோது, தம்மை எப்படி விமரிசிக்க வேண்டும் என்பதையும் அட்டையிலேயே சொல்லிவிட்டார்.

அந்த அம்மாள் சொன்ன வழியில்தான் நானும் போனேன். போனதில் ஒரு அவமானம் நேர்ந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் புத்தகத்தைப் பற்றி. மீனாட்சி அம்மாள் 1905-இல் பிறந்து 1962-இல் காலமானவர். மிக இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். மாமியார், குழந்தையாக இருந்த மகன், சிறுவனான மைத்துனர் என்று ஒரு குடும்பம் அவர் கையில் இருந்தது. அவருடைய கைப்பக்குவம் உறவுக்காரர்களிடையே பிரசித்தம். கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள், இதை எப்படிச் செய்வது, அதற்கு எவ்வளவு போடுவது என்று அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்பார்களாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டுவிடலாமே என்று யோசனை சொன்னவர் அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். அந்த நூல் பல பாகங்களாக வளர்ந்தது; 1968-இல் ஆங்கிலத்திலும் வந்தது; இன்றும் அச்சில் இருக்கிறது. புதுப்பெண்ணுக்குச் சீர்வரிசையோடு ஒரு பிரதியும் வைத்துக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் ஏற்பட்டது. தமிழில் எத்தனை நாவலுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது என்று நான் கணக்குப் பார்க்கவில்லை; பார்த்தால் மனம் நொந்துபோகும்.

கடிதத்திலிருந்து பிறந்த புத்தகம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தஞ்சை சரசுவதி மகாலில் 'சரபேந்திர பாக சாஸ்திரம்' என்று ஒரு நூல் இருக்கிறது. சரபோஜி மன்னரின் அரண்மனைச் சமையலைப் பற்றியது. அரண்மனை நூலில் பேசப்படுபவர்கள் பரிசாரகர்கள், தொழில் தெரிந்தவர்கள், பக்கத்தில் உதவிக்கு ஆள் உண்டு. மீனாட்சி அம்மாளின் எதிரில் நிற்பவள் வேறு. டில்லியிலோ பம்பாயிலோ ஒரு குடித்தன அறையில், கணவன் ஆபீசுக்குப் போன பிறகு, கேட்பதற்கு மாமியாரோ தாயாரோ பக்கத்தில் இல்லாமல், அடுப்புக்கு முன்னால் நிற்கிற பத்தொன்பது வயதுப் பெண். அவளுக்கு 'உனக்குத் தெரியாததா' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. அவளுக்குத் தெரியாது என்பதுதான் இந்த நூலின் ஆதாரம். எதை முதலில் போடுவது, எதைப் பிறகு போடுவது, எவ்வளவு போடுவது என்று விடாமல் சொல்லியாக வேண்டும். நாவலாசிரியர்கள் வாசகனை இவ்வளவு மரியாதையாக நினைப்பதில்லை.

இந்தப் புத்தகத்தைப் பரீட்சிக்க நான் எடுத்துக்கொண்டது கொண்டைக்கடலை. காரணம் உண்டு. வெண்டைக்காயையோ உருளைக்கிழங்கையோ நினைத்த நேரத்தில் நறுக்கி அடுப்பில் போடலாம். கொண்டைக்கடலையை அப்படிச் செய்ய முடியாது. நாளை மதியம் கடலைக் குழம்பு வேண்டும் என்றால் இன்று இரவே ஒருவர் அதை நினைத்திருக்க வேண்டும். எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். ஊறி, எடை ஏறத்தாழ இரண்டு மடங்காக வேண்டும். நினைப்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் இந்தப் பண்டம் கிடையாது.

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கடலையோடு உள்ள உறவு பழையது என்றாலும், இது எங்கள் மண்ணில் விளைவதல்ல. இதற்குக் குளிர் வேண்டும். மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் பக்கங்களில் பனிக்காலத்துப் பயிராக விளைந்து, லாரி ஏறி, கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் வந்து இறங்குகிறது. உலகத்தில் விளையும் கொண்டைக்கடலையில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான் விளைகிறது. ஆனால் பூர்விகம் துருக்கியின் தென்கிழக்குப் பகுதி என்று தாவர சாஸ்திரிகள் சொல்கிறார்கள். கோதுமையும் பார்லியும் மனிதன் கைக்கு வந்த அதே வட்டாரம், ஏறத்தாழ அதே காலம்; பத்தாயிரம் ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளையாக, பருமனாக இருக்கும் ரகத்துக்குக் காபூலின் பெயர். கறுப்பாக, சிறியதாக, தடித்த தோலோடு இருப்பது நாட்டுக்கடலை. அதை உடைத்தால் கடலைப்பருப்பு. அதை அரைத்தால் கடலைமாவு. வறுத்துத் தோல் நீக்கினால் பொட்டுக்கடலை. நான் பள்ளிக்கூடம் படித்து முடித்து வெகுகாலம் வரை இவை நான்கும் நான்கு செடிகள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே சொல்லவில்லை.

அதன் நுனி கொஞ்சம் வளைந்து நீண்டிருக்கிறது அல்லவா? அதைப் பார்த்து ஓர் ஊர்க்காரர் கொண்டை என்றார்கள். இன்னொரு ஊர்க்காரர் மூக்கு என்று மூக்குக்கடலை ஆக்கினார்கள். ரோமாபுரியின் பெரிய பேச்சாளர் சிஸரோவின் குடும்பப் பெயரும் இந்தக் கடலையிலிருந்தே வந்தது. அந்த வம்சத்து முன்னோர் ஒருவருக்கு மூக்கு நுனியில் கடலையைப் போல ஒரு பிளவு இருந்ததாம், புளூடார்க் எழுதியிருக்கிறார். மூக்கைப் பார்த்துப் பெயர் வைப்பதில் ரோமாபுரியும் நம்மூரும் ஒன்று.

எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு ஒரு சத்தம் கேட்கும். பித்தளைச் சருவத்தில் கடலையைக் கொட்டும் சத்தம். என் தகப்பனாரின் தமக்கை, எங்கள் அத்தை, இளம் வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். விளக்கை அணைப்பதற்கு முன்னால் அவள் செய்யும் கடைசிக் காரியம் அது. நான் பாதித் தூக்கத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டு, நாளைக்குக் கடலைக் குழம்பு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு தூங்கிப்போவேன். ஊற வைப்பது ஒரு வேலை என்று எனக்கு ஐம்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இன்றைய பத்திரிகைகளில் வருகிற சமையல் குறிப்புகளைப் பாருங்கள். 'தேவையான பொருள்கள்' என்று ஒரு பட்டியல். அதில் முதல் வரி: ஊற வைத்த கொண்டைக்கடலை ஒரு கப். இரண்டாவது: உரித்த சின்ன வெங்காயம் பதினைந்து. மூன்றாவது: துருவிய தேங்காய் அரை மூடி. நான்காவது: கரைத்த புளி. நம் பாஷையில் பெயரெச்சம் என்று ஓர் இலக்கணம் இருக்கிறது; அதைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இத்தனை சாமர்த்தியம் உள்ளது என்று நான் நினைக்கவில்லை. ஊற வைத்த கடலை. வைத்தது யார்? உரித்த வெங்காயம். உரித்தது யார்? கண்ணைத் துடைத்துக்கொண்டே பதினைந்து சின்ன வெங்காயத்தை உரித்தவர் எழுவாயாகக்கூட வரவில்லை. அடுப்பு மூட்டுவதற்கு முன்னாலேயே முக்கால் வேலை முடிந்து, பொருளாக மாறி, பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. பிறகு கீழே 'செய்முறை' என்று நாலே வரி. செய்து முடிக்க முப்பது நிமிஷம் என்று ஒரு குறிப்பும் போட்டுவிடுகிறார்கள்.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. நேரக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பது எழுதுகிறவர் தீர்மானிக்கும் விஷயம். அடுப்பிலிருந்து தொடங்கினால் முப்பது நிமிஷம். சருவத்திலிருந்து தொடங்கினால் பதினான்கு மணி நேரம். முப்பது நிமிஷம் என்று எழுதும் பழக்கம் வந்த பிறகு, "அரை மணி வேலைதானே" என்று வீட்டில் சொல்வதற்கும் ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது.

இனி அவமானத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக் கடலைக் குழம்பை மீனாட்சி அம்மாளின் நூலில் தேடுவது முறையல்ல. அவர் எழுதியது தமது வீட்டுச் சமையல். தமிழ் அந்தணர் வீட்டுச் சைவச் சமையல். சாம்பாரும் ரசமும் கூட்டும் பண்டிகைப் பட்சணமும் சுண்டலும் அதன் சொந்த ஊர். வெங்காயத்தையும் பூண்டையும் நல்லெண்ணெயில் வதக்கி, சோம்பும் தேங்காயும் அம்மியில் வைத்து அரைத்துச் சேர்க்கிற எங்கள் தெருக் குழம்பு வேறு ஊர். ஆகவே சுண்டலைப் புத்தகத்தின்படியும், குழம்பை அத்தை சொன்னபடியும் செய்து பார்ப்பது என்று ஏற்பாடு. அத்தை இறப்பதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், அவள் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். எழுத்தாளன் அல்லவா, எதையாவது குறித்து வைத்துக்கொள்ளும் பழக்கம்.

சுண்டல் நன்றாகவே வந்தது. நான் முதல்முதலாகச் செய்த பண்டம் அது. பெருங்காயம் ஒரு சொட்டு அதிகம், தவறு என்னுடையது.

மறுநாள் குழம்பு. நோட்டை விரித்தேன். "கடலையை ஊறப் போட்டு எடுத்து, புளி, மிளகாய்த்தூள், உப்புப் போட்டுக் கொதிக்க விட்டு, அரைச்சு ஊத்தி இறக்க வேண்டியதுதான், வேற என்னப்பா இருக்கு" என்று இருந்தது. அதன்படியே செய்தேன். ஊறிய கடலையைப் புளித்தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். ஒரு மணி நேரம் கொதித்தது. கடலை கல்லாக இருந்தது. இரண்டு மணி நேரம் கொதித்தது. குழம்பு வற்றித் தாரைப் போல் ஆயிற்று. கடலை அப்படியே இருந்தது. மூன்றாவது மணியில் வீட்டார் எல்லாரும் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று மிகுந்த அன்போடு சொன்னார்கள்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கடலையின் அணுச் சுவர்களை ஒட்டி வைத்திருக்கும் பசை ஒன்று உண்டு, பெக்டின் என்கிறார்கள். அது கரைந்தால்தான் கடலை மசியும். புளிப்பு அதைக் கரையவிடாமல் காக்கிறது. ஆகையால் கடலையைத் தனியே வேக வைத்து, விரலால் நசுக்கினால் மாவாகும் பதம் வந்த பிறகே புளி சேர வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும், இப்போது போர் போட்டு எடுக்கிற தண்ணீரும் இதே கெடுதலை வேறு விதமாகச் செய்கின்றன. உப்புத் தண்ணீர் என்று நாம் வாய்க்குச் சொல்கிறோம். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்தப் பசையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. வைகைத் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் கடலை நன்றாக வேகிறது என்று பெண்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். சிலர் ஒரு சிட்டிகை சோடா உப்புப் போடுவார்கள். உடனே குழையும், கொஞ்சம் கூடினால் சோப்புத் தண்ணீர் வாடை வந்துவிடும். சமையல் உப்பை முதலில் போட்டால் கடலை வேகாது என்று எங்கள் வீட்டில் ஒரு சாஸ்திரம் இருந்தது. அது மட்டும் பிழை. ஊறுகிற தண்ணீரிலேயே கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் சீக்கிரம் இளகுகிறது. புளியைப் பற்றி அத்தை அறிந்தது சரி, உப்பைப் பற்றி அறிந்தது தவறு. ஆனால் புளியைப் பற்றி அறிந்ததை அவள் எனக்குச் சொல்லவில்லையே!

ஏன் சொல்லவில்லை? ஒளிக்கவில்லை. கடலையை வேக வைத்துத்தான் புளி ஊற்ற வேண்டும் என்பது, வாயைத் திறந்துதான் சாப்பிட வேண்டும் என்பது போல அவளுக்கு. அறுபது வருஷம் கை பழகிய ஒருத்திக்கு, தன் கைக்குத் தெரிந்ததில் எது அடுத்தவனுக்குத் தெரியாது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. என் நோட்டில் இருந்தது அவள் சமையல் அல்ல. அவள் சமையலுக்கு அவளே வைத்துக்கொண்ட சுருக்கக் குறிப்பு. இந்த இடத்தில்தான் மீனாட்சி அம்மாளின் பெருமை எனக்கு உறைத்தது. அவரும் கை பழகியவர்தான். ஆனால் தன் கை அறிந்ததைத் தன்னிடமிருந்தே விலக்கி வைத்து, ஒன்றும் தெரியாத ஒருத்தியின் இடத்தில் நின்று பார்த்து, வரிசையாகச் சொல்கிறார். அது சமையல் திறமை அல்ல. எழுத்துத் திறமை. நாவலாசிரியனுக்கு வேண்டிய திறமையும் அதுதான். பாக்கியசாலி ஒருவருக்கு இரண்டும் வாய்த்திருக்கின்றன.

அளவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நூலின் பெரிய சாதனை அளவு. ஆழாக்கு, ரூபாய் எடை என்று திட்டமாகக் கொடுக்கிறார். எட்டு ஆழாக்கு ஒரு படி. பழைய வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது சுமார் பதினொன்றரை கிராம். எழுதிய காலத்தில் எந்த வீட்டிலும் கைக்கு எட்டுகிற அளவுகள் இவை. ஆனால் புத்தகம் வந்த ஏழாவது வருஷம், 1958 அக்டோபரில், மெட்ரிக் எடைகள் அமலுக்கு வரத் தொடங்கின. நாணயம் அதற்கு முந்தின வருஷமே மாறிவிட்டது. கொஞ்ச காலத்தில் ஆழாக்கு பரணுக்குப் போயிற்று. ரூபாய் இளைத்துப்போய் எதையும் எடை போட லாயக்கில்லாமல் போயிற்று. எதை நம்பி எழுதினாரோ அதுவே முதலில் பழையதாகிவிட்டது. 2001-இல் பெங்குவின் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பைப் போல, பின்னால் வந்தவர்கள் புதிய அளவுகளுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

என் அத்தையின் அளவுகளுக்கு இந்த விபத்து நேரவில்லை. புளி எவ்வளவு என்று கேட்டபோது "பெரிய நெல்லிக்காய் அளவு" என்றாள். நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு, சுண்டைக்காய் அளவு என்று நம் பெண்கள் காய்கறிக் கூடையிலிருந்தே ஒரு நிறுவைக் கருவி செய்து வைத்திருக்கிறார்கள். எந்தச் சர்க்காரும் அதை மாற்றிச் சட்டம் போட முடியாது. ஆனால் நெல்லிக்காய் எல்லாம் ஒரே பருமனா? புளி எல்லாம் ஒரே புளிப்பா? பழைய புளிக்கு ஒரு கணக்கு, புதுப் புளிக்கு ஒரு கணக்கு. மீனாட்சி அம்மாள் வென்றது இங்கே. அத்தை வென்றது அங்கே. தீர்ப்பு எழுத எனக்குத் தைரியம் இல்லை.

பின்னால் இன்னொரு அளவு வந்தது. 1950-களின் கடைசியில் பிரஷர் குக்கர் நம் நாட்டில் விற்பனைக்கு வந்து, மெள்ள மெள்ள மத்தியதர வீடுகளில் நுழைந்தது. அதற்குப் பிறகு எழுதிய குறிப்புகளில் கடலை 'பதமாக' வேகுவதில்லை. ஆறு விசிலுக்கு வேகுகிறது. பதம் என்றால் மூடியைத் திறந்து, ஒன்றை எடுத்து, நசுக்கிப் பார்க்க வேண்டும். விசில் என்றால் அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டே எண்ணலாம். இது லாபமா நஷ்டமா? லாபம் என்றே சொல்வேன். அடுப்படியில் நின்றிராதவன் பதத்தைப் பற்றி உருகுவது அவ்வளவு நன்றாக இல்லை. அத்தைக்கு குக்கர் வந்தபோது அவள் முதலில் பயந்தாள். பிறகு விசிலை எண்ணிக்கொண்டே தினசரிப் பத்திரிகை படிக்கப் பழகிக்கொண்டாள். அவள் பத்திரிகை படித்து நான் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை.

குழம்பை நான் விட்டுவிடவில்லை. நான்காவது முயற்சியில் கூடி வந்தது. ஒழுங்காக இங்கே எழுதி வைக்கிறேன். நோட்டில் இல்லாததையும் சேர்த்து. கறுப்புக் கொண்டைக்கடலை இருநூறு கிராம். இரவே கழுவி, அதன் மேல் நாலு விரற்கடை நிற்கும்படி தண்ணீர் விட்டு, அரை ஸ்பூன் உப்புப் போட்டு மூடிவிட வேண்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீர் விட்டு வேக வைக்க வேண்டும். வெந்த தண்ணீரைக் கொட்டக்கூடாது. குழம்பின் உடம்பே அதுதான். நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் தாளித்து, சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டுப் பல் பத்து, கறிவேப்பிலை, ஒரு தக்காளி என்று ஒன்றன்பின் ஒன்றாக வதக்கி, குழம்பு மிளகாய்த்தூள் மூன்று ஸ்பூன் போட்டுப் பிரட்ட வேண்டும். தூள் கருகினால் பிழைக்காது. பிறகு புளிக்கரைசல், பச்சை வாடை போகிறவரை கொதி. பிறகுதான் கடலையும் அது வெந்த தண்ணீரும். நாலு துண்டு கத்திரிக்காய் இருந்தால் கடலைக்கு முன்னால் அது. கடைசியில் தேங்காய் அரை மூடி, சோம்பு ஒரு ஸ்பூன், வெந்த கடலையில் ஒரு கைப்பிடி, மூன்றையும் மசிய அரைத்து ஊற்றி, எண்ணெய் மிதந்து வரும்போது இறக்க வேண்டும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். நவராத்திரி நாளில் மிஞ்சிய சுண்டல் மறுநாள் இதே குழம்பில் போய்ச் சேரும். அப்போது தேங்காயைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு அதிசயமும் இல்லை. மதுரையைச் சுற்றித் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும், ஆயிரம் வீடுகளில் ஆயிரம் விதமாக இதைச் செய்கிறார்கள். மலையைத் தாண்டினால் கேரளத்தில் தேங்காயை வறுத்து அரைத்துப் புட்டுக்கு ஊற்றிக்கொள்கிறார்கள். ஆனாலும் என் மனத்தில் ஒரு குறை உண்டு. மீனாட்சி அம்மாள் தமது வீட்டை எழுதியதைப் போல, அதே சிரத்தையோடு, அதே தலைமுறையில், எங்கள் தெருவில் ஒருத்தி தன் வீட்டை எழுதியிருந்தால்? எழுதவில்லை. அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்க ஆள் இல்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்தது பக்கத்து ஊரில். சந்தேகம் வந்தால் பஸ் ஏறி வந்துவிடுவாள். கடிதம் எழுதிப் போட எழுத்தும் எல்லாருக்கும் தெரியாது. பெண்கள் சிதறி டில்லிக்கும் பம்பாய்க்கும் போன வீடுகளில் முதலில் புத்தகம் பிறந்ததில் ஆச்சரியம் இல்லை. ஒரு நூல் தன் வீட்டை மட்டும் எழுதியது என்று அதன் மேல் சிலர் குறை சொல்கிறார்கள். அறியாத வீட்டை எழுதாமல் விட்டதை நான் நேர்மை என்றே எடுத்துக்கொள்கிறேன். குறை எழுதியவரிடம் இல்லை. எழுதாமல் இருந்த எங்களிடம். அதிலும் குறிப்பாக, பேனா பிடித்தே ஜீவனம் செய்துகொண்டு, அத்தை சொன்னதை நாலு வரியில் குறித்து வைத்து மூடிவிட்ட என்னிடம்.

எழுதாமல் விட்டதன் பலன் ஓட்டல் பலகையில் தெரிகிறது. எங்கள் ஊர்ச் சிற்றுண்டிச் சாலைகளில் 'சோளா பூரி' என்று ஒன்று இருக்கிறது. சோழ ராஜாக்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, சோளத்துக்கும் இல்லை. பஞ்சாபிலிருந்து வந்த 'சோலே' நம் வாயில் சோளாவாயிற்று. ருசியான பண்டம்தான்; நானும் சாப்பிடுகிறேன். ஆனால் இப்போது வீடுகளிலும் கொண்டைக்கடலை என்றால் பாக்கெட்டில் வருகிற 'சென்னா மசாலா'ப் பொடி என்று ஆகிவிட்டது. பொடியின் அட்டைக்குப் பின்னால் செய்முறை அச்சாகியிருக்கிறது. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. புளியை எப்போது போடுவது என்ற கேள்வியே இல்லை. எது எழுதப்பட்டிருக்கிறதோ அதைச் செய்கிறார்கள். எங்கள் குழம்புக்கு ஓர் அட்டைகூடக் கிடையாது.

கடைசியாக நம் தொழிலைப் பற்றி ஒன்று. என் நாவல்களை எடுத்துப் புரட்டினேன். ஐந்து நாவல்களில், எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு இடங்களில் யாராவது சாப்பிடுகிறார்கள். காப்பி வருகிறது, இலை போடப்படுகிறது, "இன்னும் கொஞ்சம் சாதம்" என்று ஒரு தாய் உபசரிக்கிறாள். ஒரே ஓர் இடத்தில்கூட ஒருத்தி கடலையை ஊறப் போடவில்லை. எல்லாம் ஊறியே வருகிறது. சமையல் குறிப்புக்காரர்களின் பெயரெச்சத்தைக் கேலி செய்தேனே, நான் அவர்களைவிட மோசம். அவர்கள் 'ஊற வைத்த' என்றாவது எழுதுகிறார்கள். தி. ஜானகிராமன் தமது 'நளபாகம்' நாவலில் ஒரு சமையல்காரனைக் கதாநாயகனாக வைத்தார். அவன் ஆண் என்பதையும் தொழில் என்பதையும் கவனித்தால், வீட்டு அடுக்களை இன்னும் பாக்கி இருக்கிறது என்று தெரியும்.

நான் வைத்திருக்கும் 'சமைத்துப் பார்' பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் யார் என்று தெரியாது. பெயர் எழுதிய பக்கம் கிழிந்திருக்கிறது. உள்ளே மஞ்சள் கறைகள், எண்ணெய் விரல் அடையாளங்கள். ஓரங்களில் பென்சிலால் சின்னச் சின்ன எழுத்து. ஓர் இடத்தில் மிளகாய் எண்ணிக்கையை அடித்துப் பாதியாக்கி, "குழந்தைக்கு" என்று எழுதியிருக்கிறது. சில பக்கம் தள்ளி இன்னொரு பண்டத்தில் அதே கை, பென்சில் கொஞ்சம் நடுங்க, மறுபடியும் குறைத்து "இவருக்கு" என்று எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை வருஷமோ! சுண்டல் பக்கத்தில், மேலே வெற்றிடத்தில், கோடு போட்டு ஒரே வார்த்தை: "ராத்திரியே".